நாற்பது விசில்

கூடைப்பந்து மைதானத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கோட்டுக்கு உள்ளே வேர்த்து விறுவிறுத்து ஓடுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவர்களைப் பற்றிச் சொல்லப் பத்திரிகைகள் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது, கோட்டுக்கு வெளியே சரியாக அரை அடி தள்ளி, கழுத்தில் விசிலும் கக்கத்தில் அட்டையுமாக, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிற்கிறதே ஒரு ஜீவராசி, அதைப் பற்றி. பயிற்சியாளர் என்று அதற்குப் பெயர். தனியாக அகப்பட்டால் பரம சாது. வழி கேட்டால் வழி சொல்லும். கூடவே எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கவேண்டும் என்றும் சொல்லும், அவ்வளவுதான். இரண்டு சேர்ந்தால் வாக்குவாதம். மூன்று சேர்ந்தால்? சங்கம்.

சங்கத்தில் சேர்ந்த பயிற்சியாளர் இருக்கிறாரே, அவர் தனி இனம். அவரைத்தான் இங்கே பிடித்து வைத்து உங்களுக்குக் காட்டப் போகிறேன். பயப்படாதீர்கள், கடிக்க மாட்டார். திருத்துவார்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அக்கா இந்த இனத்தில் ஒன்றைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்லூரியில் படித்த வருடங்களெல்லாம் நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அத்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். அது அவருடைய பிழைப்பு. கூடைப்பந்துப் பயிற்சியாளர் சங்கத்தின் செயலாளர். அதுதான் அவருடைய உயிர். வீட்டில் ஒவ்வொரு அறையிலும் ஒரு சின்ன வெள்ளைப் பலகை மாட்டியிருக்கும். குளியலறையில்கூட. சோப்பு வைக்கிற இடத்தில் மார்க்கர் பேனா இருக்கும். அவசரத்தில் முகம் நீலமாகி வந்தவர்கள் உண்டு.

அக்கா ஒருநாள் தொடங்கினாள்: "மூணு நாளா குழாய் ஒழுகுது. ஆளைக் கூப்பிடுங்க, ஆளைக் கூப்பிடுங்கன்னு நானும் கத்திக்கிட்டே..."

அத்தான் ஒரு கையை நிமிர்த்தி, அதன் மேல் மறு கையைப் படுக்க வைத்தார். டைம் அவுட். அந்த வீட்டுச் சட்டப்படி அக்கா ஒரு நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஒரு நிமிடத்தில் அத்தான் பலகையில் குழாயை ஒரு வட்டமாகவும், குழாய் ரிப்பேர்காரரை ஒரு பெருக்கல் குறியாகவும், தன்னை இன்னொரு வட்டமாகவும் போட்டு, மூன்றுக்கும் நடுவே ஏழு அம்புக்குறிகளை இழுத்தார். பார்க்கவே அழகாக இருந்தது.

"அம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. "குழாய்?"

"திட்டம் குடுத்தாச்சு. இனி செயல்படுத்துறவங்க பொறுப்பு."

செயல்படுத்தியது நான். ஒரு கையில் ஸ்பேனரோடு தொட்டிக்கு அடியில் குனிந்திருந்த என்னைப் பார்த்து, வாசற்படியில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தான் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "முழங்காலை மடக்கு. முழங்காலை மடக்கு. அடிப்படை, அடிப்படை!"

இந்த இனத்துக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஒரே வேலையில் இருக்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சு நின்றால் தற்காப்பு உடைந்துவிடும். ஆகவே அத்தான் எங்கே போனாலும் "பேசுங்க! பேசுங்க!" என்று அதட்டுவார். மேஜையில் பேச்சில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் "பேசுங்க!" பஸ் ஓட்டுநரிடமும் நடத்துநரிடமும் "பேசுங்க!" நூலகத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு வெளியே அனுப்பப்பட்டார். அடுப்பில் குக்கர் விசில் அடித்தால் எங்கிருந்தாலும் நிமிர்ந்து, "யாரு ஃபவுல்?" என்பார். "நீங்கதான்," என்பாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

இதெல்லாம் வீட்டில். சங்கத்தில் எப்படி என்று கேட்கிறீர்களா?

கேளுங்கள். சங்கத்துக்கு நாற்பது உறுப்பினர்கள். கூட்டம் பொது நூலகத்தின் மாடியில். என் கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கும் என்பதால் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஆகவே இனி சொல்லப்போவது எல்லாம் ஆவணம். என்னை நம்பாவிட்டாலும் குறிப்பேட்டை நம்பலாம்.

அதில் முதல் பக்கத்தைத் திறந்தால் "பொருள் எண் ஒன்று: சங்கத்தின் பங்கு என்ன?" என்று இருக்கும். இரண்டாம் கூட்டத்தைத் திறந்தாலும் அதேதான். பதினோரு வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் பொருள் எண் ஒன்று அதுவே. ஒவ்வொரு கூட்டத்திலும் நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது. ஏன் நேரமில்லை? விசில் கயிறு என்ன நிறத்தில் இருக்கவேண்டும் என்று ஆராய ஒரு துணைக்குழு, அந்தத் துணைக்குழு ஏன் இன்னும் அறிக்கை தரவில்லை என்று ஆராய இன்னொரு துணைக்குழு, இரண்டு துணைக்குழுக்களிலும் இருந்த ஒரே மனிதர் தன்னையே விசாரித்துத் தன்னையே கண்டித்துக்கொண்டது, பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவரை மதிப்பிடுபவர், அந்த மதிப்பீட்டாளருக்குச் சான்றிதழ் வழங்குபவர் என்று படிப்படியாக ஏறிய பட்டங்கள், அந்த ஏணியின் உச்சியில் இருந்தவர் பந்தைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று ஒருவர் கேட்டுவிட, அந்தக் கேள்வி ஒழுங்குக்கு உட்பட்டதா என்று நடந்த இரண்டு மணி நேர விவாதம். நேரம் எங்கே இருக்கிறது?

போதாதற்கு ஒவ்வொரு உறுப்பினருக்கும் கூட்டத்துக்கு இரண்டு டைம் அவுட் உண்டு. நாற்பது பேர், எண்பது டைம் அவுட். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தலைவர் பெரிய தொண்டைக்காரர். "சுருக்கமாச் சொல்றேன்" என்று எழுந்தால் சன்னலோரம் இருப்பவர்கள் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டுச் சாய்ந்துகொள்வார்கள். அவருக்கு வலது பக்கம் முழங்கால் மாஸ்டர். அந்த ஒரு முழங்கால் மட்டும் அந்த ஒரு நாள் அப்படித் திரும்பாமல் இருந்திருந்தால் அவர் எங்கேயோ போயிருப்பார். எங்கே என்று யாருக்கும் தெரியாது. எந்த முழங்கால் என்பதும் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும்.

சிரிக்கிறீர்கள். நானும் குறிப்பேட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தவள்தான். கடிதம் வரும் வரைக்கும்.

நகராட்சியிலிருந்து வந்த கடிதம் அது. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கூடைப்பந்து மைதானம் பயன்பாட்டில் இல்லை என்று புகார் வந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார். பயன்பாட்டில் இருந்தால் அப்படியே விடப்படும். இல்லையென்றால் கார் நிறுத்துமிடமாக மாற்றப்படும். நாலே வரி.

அக்கா மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அந்த மைதானத்தில் தினமும் காலையில் ஆடும் பெண்கள் அணியில் அவள் ஒருத்தி. மொத்தம் ஒன்பது பெண்கள். அடுத்த மைதானம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஒன்பதில் ஐந்து வீடுகளில் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். மீதி நாலு பேரை வைத்துக்கொண்டு ஓர் அணி ஆட முடியாது. மைதானம் போனால் அணி போயிற்று. அதை அவள் சாப்பாட்டு மேஜையில் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள், கண் கலங்காமல், ஆனால் தட்டில் இருந்ததைத் தொடாமல்.

"நாங்க ஒம்பது பேரும் நாலு மணிக்கு வந்து ஆடிட்டுப் போறோம்ப்பா. அவர் பார்த்துட்டுப் போகட்டும். முடிஞ்சுதுல்ல?"

முடிந்தது. எவ்வளவு சுலபம்! ஒரு குழந்தைக்குத் தெரிந்தது. ஆனால் சங்கம் என்று ஒன்று இருக்கும்போது ஒரு காரியம் அவ்வளவு சுலபமாக முடிந்துவிடலாமா?

அவசரக் கூட்டம் கூடியது. அத்தான் மகள் சொன்னதைச் சொன்னார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"சுருக்கமாச் சொல்றேன்," என்றார். அதில் நாற்பது நிமிடத்தை விட்டுவிட்டுக் கடைசி வாக்கியத்தை மட்டும் தருகிறேன். "சின்னப் பொண்ணுங்க ஆடுறதைப் பார்த்தா அந்த மனுஷன் இதை ஏதோ விளையாட்டுன்னு நினைச்சுடுவாரு."

கைதட்டல்.

ஆகவே சங்கமே ஆடுவது என்று முடிவாயிற்று. முறைப்படி. இரண்டு அணி, பத்துப் பேர், பதாகை, நாற்காலி, ஸ்கோர் புத்தகம். இடைஞ்சல் கூடாது என்பதால் ஒன்பது பெண்களும் அன்று மாலை மைதானத்துப் பக்கமே வரக் கூடாது என்று ஒரு துணைத் தீர்மானம்.

"சரி, யார் யார் ஆடுறீங்க?" என்றார் தலைவர்.

ஒரு கை எழவில்லை.

"யார் யார் வழிநடத்துறீங்க?"

நாற்பது கை. டீ கொண்டுவந்தவர்கூடத் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையைத் தூக்கினார்.

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பெயர் வந்த பத்துப் பேருக்கும் மற்றவர்கள் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். முழங்கால் மாஸ்டர் பெயரும் வந்தது. அன்று இரண்டு முழங்காலுமே வலித்தன.

அதன் பிறகு அத்தான் ஒரு பட்டியல் தயாரித்தார். அதைப்போல் ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை. முப்பத்தொரு உருப்படிகள். விசில், மாற்று விசில், மாற்று விசிலும் வேலை செய்யாவிட்டால் இன்னொரு விசில், நிறுத்துக்கடிகாரம், வெள்ளைப் பலகை நாற்பது, பேனா நாற்பது, அழிக்கத் துணி, கூம்பு வடிவத் தடுப்புகள், முதலுதவிப் பெட்டி, முழங்காலுக்கு ஐஸ், தண்ணீர், துண்டு, ஊக்கு, ஊசி நூல். வியாழக்கிழமை மாலை நடுக்கூடத்தில் நின்று முழுதும் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"விட்டுப்போனது ஏதாவது இருக்கா? எல்லாரும் நல்லா யோசிங்க. பேசுங்க!"

"நீங்க போட்ட பட்டியல்ல விட்டுப்போகுமா?" என்றாள் அக்கா. அவள் அப்போது நாற்காலிக்கு அடியில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை. நான் அக்கா மகளோடு நூலகத்தின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மைதானத்துக்கு வரக் கூடாது என்றுதான் தீர்மானம்; நூலகத்துக்கு வரக் கூடாது என்று இல்லை. அவள் மடியில் ஒரு புத்தகம் தலைகீழாகத் திறந்து கிடந்தது.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம். சங்கம் அணிவகுத்திருந்தது. ஒரே நிறத் தொப்பி. பதாகையின் நாலு மூலையிலும் ஊக்கு. கூம்புகள் நூல் பிடித்ததுபோல. முப்பது பேர் ஓரக்கோட்டிலிருந்து அரை அடி தள்ளி, கை இடுப்பில். பத்துப் பேர் உள்ளே, அவர்களுக்கும் கை இடுப்பில். எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று தெரியாமல் ஒருவருக்கொருவர் "முழங்காலை மடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சரியாக நான்கு மணிக்குப் பொறியாளர் வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு கையில் கோப்பு, மறு கையில் அளவு நாடா, முகத்தில் இன்னும் மூன்று இடம் பார்க்கவேண்டிய களைப்பு. யாரையும் பார்த்து வணங்கவில்லை, சிரிக்கவில்லை. கோட்டோரம் வந்து நின்று பேனாவைத் திறந்தார்.

தலைவர் நடுவட்டத்துக்குக் கம்பீரமாக நடந்தார். இரண்டு அணியிலிருந்தும் உயரமான ஆட்கள் எதிரெதிரே நின்று முழங்காலை மடக்கினார்கள். ஓரக்கோட்டில் விசில்கள் வாய்க்குப் போயின. தலைவர் வலது கையை நீட்டி, பந்தை மேலே தூக்கிப் போட...

எதை?

கை மேலே போயிற்று. வெறும் கை. அந்த உள்ளங்கையை நாற்பது பேரும் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார், யாருடைய கையோ என்பதுபோல.

"பந்து?" என்றார் மெதுவாக. அவர் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வந்து நான் கேட்டதில்லை.

"பந்து அவர்கிட்ட இருக்கு."

"எங்கிட்டயா? நான் கூம்பு!"

"நான் ஐஸ்."

"பட்டியலைப் பாருங்க, பட்டியலைப் பாருங்க!"

அத்தான் பட்டியலைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். முப்பத்தொரு உருப்படியில் பந்து இல்லை. எப்படி இருக்கும்? இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒருநாளாவது மைதானத்துக்குப் பந்து கொண்டுவந்திருந்தால்தானே? நாற்பது பேரில் எவருமே கொண்டுவந்ததில்லை. பயிற்சியாளர் வருவார், பந்து அங்கே இருக்கும். பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஆடுகிறவர்கள். அவர்களைத்தான் தீர்மானம் போட்டு வரவேண்டாம் என்று சொல்லியாயிற்றே.

படிக்கட்டில் புத்தகம் விழுந்த சத்தம் கேட்டது. அக்கா மகள் ஓடிக்கொண்டிருந்தாள். பந்துப் பை அணித் தலைவி வீட்டில் இருந்தது. போக வர இருபது நிமிடம்.

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவைக் காகிதத்தில் வைத்தார். "அப்போ, ஆட்டம் எதுவும் நடக்கல..."

அத்தான் முகம் வெளிறிப் போயிருந்தது. அவருக்கு அந்த ஒன்பது பெண்களும் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். வந்தார்கள் என்றுதான் பின்னால் சொன்னார். இரண்டு எட்டில் பொறியாளருக்கும் காகிதத்துக்கும் நடுவே வந்து கைகளை டைம் அவுட்டாக வைத்தார்.

"நடந்துக்கிட்டுதான் சார் இருக்கு. இது பந்தில்லாத ஆட்டம்."

"பந்தில்லாத ஆட்டமா?"

"உயர்நிலைப் பயிற்சி சார். பந்து யார் கையில இருக்கோ அவரு ஒருத்தர்தான். மீதி ஒம்பது பேரு பந்தில்லாமத்தானே ஓடறாங்க? ஒம்பது பேரு ஓட்டம் சரியா இருந்தா பத்தாவது ஆளு தானாச் சரியாயிடுவாரு." பிறகு மைதானத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்: "என்ன நிக்கிறீங்க? ஓடுங்க!"

ஓடினார்கள். முதல் நிமிடம் பார்க்கச் சகிக்கவில்லை. பத்துப் பேரும் ஒரே மூலைக்கு ஓடி, ஒரே நேரத்தில் திரும்பி, ஒருவர் மேல் ஒருவர் மோதி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். தலைவரும் நடுவே புகுந்து, இல்லாத பந்தை எடுத்து, இல்லாத பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போக, ஓரக்கோட்டிலிருந்து ஒருவர் "டபுள் டிரிபிள்!" என்று விசில் அடிக்க, "எங்க டபுள் டிரிபிள்? ரெண்டு கையாலயும் நான் தட்டவே இல்ல!" என்று தலைவர் சண்டைக்கு வர, முழங்கால் மாஸ்டர் ஒரு கூம்பில் கால் தட்டி விழுந்து, "ஃபவுல்! தள்ளிட்டான்!" என்று அந்தக் கூம்பைச் சுட்டிக்காட்டினார். வளையத்துக்குக் கீழே ஒருவர் எம்பிக் குதித்து இல்லாத பந்தை உள்ளே போட்டார். போகவில்லை என்றார்கள் பாதிப் பேர். போயிற்று என்றார்கள் மீதிப் பேர். ஸ்கோர் புத்தகக்காரர் ஒரு மாதிரியாகப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொறியாளர் இதையெல்லாம் உதடு பிதுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆறு. பேனா இன்னும் காகிதத்தில்தான் இருந்தது, ஆனால் எழுதவில்லை.

"அந்தக் கட்டம் போட்ட சட்டை..." என்று முணுமுணுத்தார்.

"சொல்லுங்க சார்?"

"இல்ல, அந்த மூலை முழுக்கக் காலியாக் கிடக்கு. இவரு ஏன் கூட்டத்துலயே நிக்கிறாரு?"

அத்தான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்திரண்டு வருட அனுபவம். தன் இனத்தை அவருக்கா அடையாளம் தெரியாது? "கரெக்ட் சார். அவருக்குக் கேட்கல. சத்தமாச் சொல்லுங்க."

"ஹலோ, கட்டம்! மூலைக்குப் போங்க!"

கட்டம் போட்ட சட்டை மூலைக்குப் போயிற்று. தான் சொன்ன சொல்லுக்கு ஓர் ஆள் இடம் மாறியதைப் பொறியாளர் பார்த்தார். அலுவலகத்தில் எத்தனை வருடமாயிற்றோ, பாவம். அளவு நாடா சட்டைப் பைக்குப் போயிற்று. கோப்பு கக்கத்துக்குப் போயிற்று. அத்தான் பேசாமல் பட்டியலின் மூன்றாவது உருப்படியை, மாற்று விசிலும் வேலை செய்யாவிட்டால் இன்னொரு விசில், எடுத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்.

அவர் ஊதினார். முதலில் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை ஊதியதில் நூலக மரத்திலிருந்து புறாக்கள் பறந்தன. அந்த முகத்தில் இரத்தம் ஏறியதைப் பார்க்கவேண்டுமே! கைகள் தாமாக இடுப்புக்குப் போயின.

"தொப்பி போட்டவரே! எல்லாருமே தொப்பியா? வலது பக்கத் தொப்பி! கையைத் தூக்குங்க! பெரியவரே, முழங்காலை மடக்குங்க!"

"அவருக்கு முழங்கால்..." என்று யாரோ தொடங்கினார்.

"மடக்கச் சொல்லுங்க!"

இதற்குள் ஒன்பது பெண்களும் மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்தார்கள். பையில் மூன்று பந்து. அக்கா மகள் ஒன்றை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாள்.

"கொஞ்சம் நில்லும்மா," என்று பொறியாளர் அவளைக் கையால் தடுத்தார், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த மூவ் முடியட்டும்."

மூவ் முடிய அரை மணி ஆயிற்று. பெண்கள் பந்துகளின் மேல் முறைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் சாய்ந்த பிறகுதான் ஒன்பது பேரும் உள்ளே போக முடிந்தது. ஆடினார்கள். பந்து தரையில் பட்ட முதல் சத்தம் கேட்டதும் அத்தான் திரும்பி நின்று, தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஓரக்கோட்டில் இப்போது நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு ஜோடிக் கைகள் இடுப்பில்.

பொறியாளர் கோப்பில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். "பயன்பாட்டில் உள்ளது. ஆனால் இடது பக்கத் தற்காப்பு பலவீனம்." அப்படியே இருக்கிறது, இன்றும் போய்ப் பார்க்கலாம். விசிலை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நாற்பத்தோராவது உறுப்பினராகச் சேர்ந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததை அத்தான் சொல்ல, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாற்காலியில் உட்கார முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"பதினோரு வருஷமா சங்கத்தோட பங்கு என்ன, பங்கு என்னன்னு உயிரை வாங்கினீங்களே," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்பத் தெரிஞ்சுதா? பந்து கொண்டுவர்றது. அவ்வளவுதான். கொண்டுவந்து குடுத்துட்டுக் கொஞ்சம் தள்ளி நிக்கிறது."

அத்தான் வாயைத் திறந்தார். கைகள் டைம் அவுட்டுக்குத் தயாராயின. பிறகு கீழே இறங்கின. சமையலறைப் பலகைக்குப் போய், குழாய்ப் படத்தை அழித்துவிட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் பொருள் எண் ஒன்று நிறைவேறியது. குறிப்பேட்டில் என் குண்டுக் கையெழுத்தில் இருக்கிறது: "இனி எந்த நிகழ்ச்சிக்கும் ஒவ்வொரு உறுப்பினரும் தவறாமல் பந்து கொண்டுவர வேண்டும். மற்றவை பிறகு பார்த்துக்கொள்ளப்படும்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த இனம் பாடம் கற்றுக்கொள்ளுமா என்று நீங்கள் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் அத்தான் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊசி போட வந்த இரண்டு நர்ஸ்களையும் பார்த்து, "ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வேலை செய்யுங்கம்மா, பேச்சு இருந்தாத்தான் தற்காப்பு," என்றார். ஒருத்தி சிரித்தாள். மறுவாரம் அவர் போய்விட்டார்.

சங்கம் அவர் நினைவாக ஓர் ஆட்டம் வைத்தது, அதே மைதானத்தில். அத்தான் போக மீதி நாற்பது பேரும் வந்தார்கள், பொறியாளர் உட்பட. தீர்மானத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார்கள். ஒவ்வொருவர் கக்கத்திலும் ஒரு பந்து. நாற்பது பந்து! வைக்க இடமில்லாமல் பந்துகள் நூலகப் படிக்கட்டில் உருண்டு தெருவுக்குப் போயின. தலைவர் நடுவட்டத்தில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"விசில் அடிங்கப்பா," என்றார்.

ஒருவர் கழுத்தைப் பார்த்து ஒருவர் நின்றார்கள். பந்து, பந்து என்றே நினைத்து வந்ததில் நாற்பது பேரில் ஒருவரும் விசில் கொண்டுவரவில்லை.

"இதுக்குத்தான் பட்டியல் போட ஆள் வேணும்கிறது," என்றார் முழங்கால் மாஸ்டர்.

அக்கா கைப்பையைத் திறந்தாள். சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அத்தானின் விசிலை வரும்போது எதற்கோ எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். வாயில் வைத்து ஊதினாள். குக்கர் மாதிரியேதான் இருந்தது சத்தம். பந்து மேலே போயிற்று. அக்கா மகள் எம்பினாள். அக்கா கோட்டிலிருந்து அரை அடி தள்ளி நின்று, "பேசுங்க! பேசுங்க!" என்று கத்தினாள். கை எங்கே இருந்தது என்று நான் சொல்லவேண்டுமா?

சரி, சிரித்தது போதும். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். தலைவரின் வெறுங்கை மேலே போனதே, அப்போது உங்கள் மனதில் என்ன ஓடியது? "முதல் வேலையாகப் பந்தை ஒருவர் பொறுப்பில் விட்டிருக்கவேண்டும்" என்றா? "முந்தின நாள் ஒரு ஒத்திகை பார்த்திருக்கலாம்" என்றா? விசிலையும் பந்தையும் ஒரே பையில் கட்டி வைத்திருந்தால் இரண்டு கூத்தும் நடந்திருக்காது என்று இப்போது, இந்த நிமிடம், நாற்காலியில் சாய்ந்தபடி, எழுந்திருக்கும் எண்ணம் சிறிதும் இல்லாமல், எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா இல்லையா?

அப்படியென்றால் வாருங்கள், கூச்சப்படாதீர்கள். நூலகத்து மாடி. சங்கத்தில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது.